பிளாக் அடுக்கி நிரல் கற்போம்

நம் குன்றாண்டார்கோவில் பகுதியிலிருந்து கல்லூரிக்குச் சென்று கணினிப் பாடம் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கவனிக்க வேண்டியது இது.

பல கல்லூரிகளில் முதல் ஆண்டிலேயே சி மொழி வந்துவிடுகிறது. ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் நிரல் ஓடாது. யோசனை சரியாக இருந்தும், "நமக்கு இது வராது" என்று பிள்ளை சோர்ந்துவிடும்.

இதற்கு வழி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் மென்பொருள் இலவசம். அதில் கட்டளைகள் வண்ண பிளாக்குகளாக இருக்கும். எடுத்துப் பொருத்தினால் போதும். சிறுவர்களுக்காக உருவானதுதான். ஆனாலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற அறிமுக வகுப்பு, ஸ்கிராட்சில் தொடங்கித்தான் சி மொழிக்குப் போகிறது.

பயிற்சி: வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வைத்துக்கொள்வோம். "யூனிட் 100-க்கு மேல் என்றால் 100-ஐக் கழி, இல்லையென்றால் 0 காட்டு." கட்டணத்துக்குரிய யூனிட் கிடைத்துவிடும். இதை பிளாக்குகளால் அடுக்குங்கள். பிறகு இதையே சி மொழியில் எழுதுங்கள். விடை ஒன்றாக வர வேண்டும். பிளாக்கோடு நின்றுவிடக் கூடாது. தேர்வில் கேட்பது எழுதும் நிரலைத்தான்.

பெற்றோரே, பிள்ளையின் திரையில் பூனைப் படம் ஓடினால் விளையாட்டு என்று திட்டிவிடாதீர்கள். என்ன கணக்கு என்று கேளுங்கள். நமக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்தால், பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.