தகரக் கூரையும் அசையாத காற்றும்

பிற்பகல் இரண்டு மணி. ரப்பர் மர நிழலில் நிற்கும்போது அவ்வளவாகத் தெரியாத வெப்பம், தகரக் கூரை வேய்ந்த வீட்டினுள் நுழைந்தவுடன் முகத்தில் அறைகின்றது. வெளியே காற்றின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ் என்றால், வெயிலில் காயும் தகரம் 60 டிகிரியையும் தாண்டிவிடும். அவ்வெப்பம் எவ்வாறு வீட்டிற்குள் இறங்குகின்றது? அதனை எவ்வாறு தடுக்கலாம்? இவற்றை அறியப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. நாள்தோறும் நம் கையில் புழங்கும் பொருள்களே போதும்.

வெப்பம் எப்பொழுதும் சூடு மிகுந்த இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்திற்கே செல்லும். அது செல்லும் வழிகள் மூன்று: கடத்தல், சலனம், கதிர்வீசல்.

விடியற்காலையில் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுப்பவர் இதனைக் கவனித்திருப்பார். இரும்பைத் தொட்டால் சில்லென்று இருக்கின்றது. மரப்பிடியைத் தொட்டால் அவ்வாறு இல்லை. இரண்டும் இரவெல்லாம் ஒரே இடத்தில் கிடந்தவை. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. ஆயினும் இரும்பு நம் விரலின் சூட்டை விரைந்து இழுத்துக்கொள்கின்றது; மரம் மெதுவாகவே ஏற்கின்றது. இதுதான் கடத்தல். மரத்தைவிட மந்தமான பொருள் ஒன்று உண்டு, அதுவே காற்று. அசையாத காற்று, இரும்பைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். 'அசையாத' என்னும் சொல்லை இங்கே மறந்துவிடலாகாது. காற்றைச் சிறு சிறு அறைகளில் அடைத்து, நகரவிடாமல் வைப்பதே வெப்பக் காப்பின் பெரும்பகுதி. கம்பளி, பஞ்சு, உமி, மரத்தூள் ஆகிய யாவும் செய்யும் வேலை இதுவே.

மரத்தூள்தானே என்று எண்ண வேண்டாம். 1833ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து 'டஸ்கனி' என்னும் பாய்மரக் கப்பல் 180 டன் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. குளிர்பதன இயந்திரம் ஏதும் இல்லை. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் கரை சேர்ந்தபோது, ஏறத்தாழ 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது! இந்தப் பனிக்கட்டி வணிகத்தில் கட்டிகளைச் சுற்றி அடைக்கப்பட்டவை மரத்தூள், வைக்கோல் போன்ற எளிய பொருள்களே. அவ்வணிகத்தை நடத்திய பிரடெரிக் டூடர், சென்னைக் கடற்கரையில் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்' இன்றும் நிற்கின்றது. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கியதால், இப்போது அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றுள்ளது.

நாம் மங்கில் சேகரிக்கும் பாலுக்கும் இதில் பங்குண்டு. 1929ஆம் ஆண்டு டன்லப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரப்பர்ப் பாலை நுரைக்க அடித்து, அந்நுரையை அப்படியே இறுகச் செய்து மெத்தை ஆக்கும் முறையைக் கண்டனர். ரப்பர் மெத்தையில் படுத்தால் முதுகு சூடாவதற்குக் காரணம், அதன் எண்ணற்ற துளைகளில் தங்கியுள்ள காற்று உடற்சூட்டை வெளியேற விடாமையே. இந்த மெத்தைத் துண்டுகளைக் கூரைக்கடியில் அடைத்தால் வீடு குளிருமே என்று சிலருக்குத் தோன்றலாம். அது ஆபத்து. மின்கம்பிகள் ஓடும் இடத்தில் அந்நுரை எளிதில் தீப்பற்றிவிடும்.

இரண்டாவது வழி சலனம். சூடான காற்று இலேசாகி மேலெழும். குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்பும். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்த முதியவர்கள் இதனை நன்கறிவர். அடியில் விறகெரிய, சூடேறிய காற்று ஷீட்டுகளின் ஈரத்தைச் சுமந்துகொண்டு கூரைத் திறப்பு வழியே வெளியேறும். அத்திறப்பை அடைத்துவிட்டால் ஷீட்டு உலராது.

பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரின் பழைய கடைவீடுகளைக் கட்டியவர்களும் இந்த உண்மையை நன்கு பயன்படுத்தினர். 2008ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியில், லெபோ பாசார், லெபோ ஆர்மினியன் போன்ற தெருக்களில் நடப்போர் இதனைக் காணலாம். வாசலில் நிழல் தரும் ஐந்தடி நடைபாதை. வெப்பத்தை மெதுவாக ஏற்கும் தடித்த செங்கற்சுவர். வீட்டின் நடுவே வானம் பார்த்த திறந்த முற்றம். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலேற, நடைபாதையின் நிழற்காற்று உள்ளே வருகின்றது. மேலே ஒன்றன்மீது ஒன்றாய் அடுக்கிய மண் ஓடுகள். அவற்றின் இடுக்குகளிலும் காற்று கசியும். தோட்டங்களில் முன்பு வேய்ந்த அத்தாப்புக் கூரையும் இவ்வகையில் தகரத்தைவிட மேலானதே. ஆனால் அது ஒழுகும், தீப்பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். ஆதலால் தகரம் வென்றது.

மூன்றாவது வழியான கதிர்வீசலே தகர வீட்டின் உண்மையான தொல்லை. எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாலே முகம் காய்கின்றது. அடுப்பின் சூடான காற்றோ மேல்நோக்கிப் போகின்றது. சூடேறிய தகரமும் அவ்வாறே கீழே உள்ள யாவற்றின்மீதும் வெப்பத்தை வீசுகின்றது. மின்விசிறி வேர்வையை உலர்த்தும். இந்தக் கதிர்களைத் தடுக்காது.

ஆகவே தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூரை விட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டும்போது, குழந்தை எவ்வளவு உயரத்தில் கிடக்கின்றதோ அவ்வளவுக்கு மேலே தேங்கும் சூடான காற்றுக்கும் தகரத்திற்கும் அருகில் இருக்கின்றது. உடற்சூட்டைச் சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் கைக்குழந்தைக்குக் குறைவு. நண்பகலில் தொட்டிலைத் தாழ்த்திக் கட்டுங்கள். உட்கூரை உள்ள அறையிலோ மர நிழல் விழும் பக்கத்திலோ கட்டினால் இன்னும் நன்று.

கூரையைச் செப்பனிட வாய்ப்பு வரும்போது, தகரத்தின் மேற்புறம் வெள்ளை வண்ணம் பூசச் சொல்லுங்கள். துருவேறிய தகரம் வெயிலின் பெரும்பகுதியை விழுங்கும். வெள்ளை அதனைத் திருப்பி அனுப்பும். உட்கூரை அமைப்பவர்கள் அதற்கும் தகரத்திற்கும் நடுவே இடைவெளி விட்டு, அங்குள்ள சூடான காற்று வெளியேற இரு பக்கமும் திறப்பு வைக்க வேண்டும். தகரத்தின்கீழ் அலுமினியத் தாள் விரிப்பவர்கள் அதனைத் தகரத்தோடு ஒட்டிவிடக் கூடாது. ஒட்டினால் தகரத்தின் வெப்பம் கடத்தல் வழியே நேராகத் தாளுக்கு இறங்கிவிடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியாவது விட்டு, பளபளக்கும் பக்கம் கீழே இருக்குமாறு விரிக்க வேண்டும். பளபளப்பான உலோகப் பரப்பு மிகக் குறைந்த வெப்பத்தையே வீசும். கீழ்நோக்கி இருப்பதால் தூசு படிந்து மங்குவதும் இல்லை.