கைக்கு எட்டினால் கணக்கு எட்டும்



மலேசியாவில் 2003 முதல் ஆரம்பப் பள்ளிப் படிப்பு கட்டாயம். ஆனால் பள்ளி செல்லுமுன் உள்ள பருவத்தில் பிள்ளையின் படிப்பு நம் பொறுப்பே. 1939-ல் சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தை கையால் செய்து கற்கும் என்று போதித்தவர்.

என் ஐந்து வயது மகள் நூறு வரை ஒப்பிப்பாள், பெருமைப்பட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் ஒருநாள், "ஐம்பது காசில் முப்பது போனால் மீதி என்ன?" என்றேன். விழித்தாள். குற்றம் அவளுடையதன்று, என்னுடையது.

மறுநாளை அவளுக்கென ஒதுக்கினேன். காலையில் கலந்து கிடந்த பயறு வகைகளை இனம் பிரித்தாள். பிறகு பரணிலிருந்த பழைய தராசை இறக்கினேன். மின் தராசு எண்ணைக் காட்டும். எது பாரம், எது லேசு என்று காட்டாது. அரைக் கிலோ எடைக்கல்லுக்கு எதிரே பருப்பை அள்ளிப் போட்டவள், "அத்தா, வாங்குறவங்களுக்குக் குறையுது" என்று இன்னொரு கை போட்டாள். மாலையில் ஐந்து பத்துக் காசுகளை அடுக்கி, மூன்றை எடுத்துவிட்டு, "மீதி இருபது" என்றாள்.

காசும் பயறும் வாய்க்குப் போகாமல் கூடவே இருங்கள். மாதத்தில் ஒரு நாளாவது இதற்கு ஒதுக்குங்கள். அன்று வியாபாரம் சற்றுக் குறைந்தாலும் நஷ்டமில்லை.