இருபக்க மின்சுற்றுப் பலகை

பழுதான வானொலி ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பலகை தென்படும். அதன்மேல் மெல்லிய கோடுகள் வளைந்தும் நெளிந்தும் ஓடும். அவை அழகுக்காக வரைந்த கோடுகள் அல்ல. மின்சாரம் ஓடுவதற்கான செம்புப் பாதைகள். இதனை அச்சிட்ட மின்சுற்றுப் பலகை என்பர்.

முற்காலத்தில் வானொலியின் உறுப்புகளைக் கம்பிகளால் ஒவ்வொன்றாகக் கையால் இணைத்தனர். ஒரு கம்பி இடம் மாறினாலும் கருவி இயங்காது. வியன்னாவில் பிறந்த பொறியியலாளர் பால் ஐஸ்லர் அச்சுத்தொழிலையும் அறிந்தவர். 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த அவர், அச்சிடும் முறையை மின்சுற்றுக்குப் பயன்படுத்தினார். 1943இல் அதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

ஒரு பக்கத்தில் மட்டும் செம்பு இருந்தால் இரு பாதைகள் ஒன்றையொன்று கடக்க இயலாது. கடந்தால் தொட்டுக்கொள்ளும், குறுக்குச்சுற்று ஏற்படும். சாலைச் சந்திப்பில் மேம்பாலம் கட்டுவதைப்போல, ஒரு பாதையைப் பலகையின் மறுபக்கத்திற்கு அனுப்பினால் இச்சிக்கல் தீரும். இருபக்கப் பலகை தோன்றிய காரணம் இதுவே. இன்று இதனை வீட்டிலேயே செய்பவர்களும் உள்ளனர்.

இதற்குரிய பலகை பொதுவாக 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடியிழையால் ஆனது. அதன் இருபுறமும் செம்பு ஒட்டப்பட்டிருக்கும். அச்செம்பின் தடிப்பு ஏறத்தாழ 0.035 மில்லிமீட்டர்தான். கணினியில் வரைந்த படத்தை லேசர் அச்சுப்பொறியில் வழவழப்பான தாளில் அச்சிட்டு, அத்தாளைச் செம்பின்மேல் கவிழ்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். மைத்தூள் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். பின் நீரில் ஊறவைத்துத் தாளை உரித்தெடுக்கலாம்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று இங்கு உண்டு. தாளைக் கவிழ்க்கும்போது படம் இடவலமாக மாறிவிடும். ஆகவே, மேற்பக்கப் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிட வேண்டும். கீழ்ப்பக்கப் படத்தையும் அவ்வாறே திருப்பினால் பலகை வீணாகிவிடும். ஏனெனில், வரைகலை மென்பொருள் இரு பக்கங்களையும் மேலிருந்து பார்ப்பதாகவே காட்டுகிறது. கீழ்ப்பக்கப் பாதைகள் பலகையை ஊடுருவிப் பார்த்த நிலையில் ஏற்கெனவே திரும்பியே இருக்கின்றன. எனவே, அதை உள்ளபடியே அச்சிட்டால் போதும்.

அடுத்த சவால், இரு படங்களையும் நேருக்கு நேர் பொருத்துவது. 1.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புவட்டத்தின் நடுவே 0.8 மில்லிமீட்டர் துளையிட்டால், துளையைச் சுற்றி 0.4 மில்லிமீட்டர் செம்பே எஞ்சும். கீழ்ப்பக்கப் படம் அதே அளவு நகர்ந்தால்கூடத் துளை வட்டத்தின் விளிம்பைத் தொட்டுவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. இரு தாள்களையும் அச்சிட்ட முகங்கள் உட்புறம் இருக்குமாறு வைத்து, வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை நகர்த்த வேண்டும். பிறகு மூன்று ஓரங்களை ஒட்டினால் அஞ்சலுறைபோல் ஆகிவிடும். நன்கு தூய்மை செய்த பலகையை அதற்குள் நுழைத்து இரு பக்கமும் சூடேற்றலாம். தையற்காரர் துணியை வெட்டுமுன் குண்டூசி குத்தி வைப்பதைப் போன்றது இது. இங்குச் செலவிடும் பத்து நிமிடம் பின்னர் ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

மை மறைக்காத செம்பைப் பெரிக் குளோரைடு கரைசல் கரைத்துவிடும். பலகையைச் செங்குத்தாக நிறுத்தி மெல்ல அசைத்தால் இரு பக்கமும் ஒரே சீராகக் கரையும். இவ்வேலையைப் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில், காற்றோட்டமான இடத்தில், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தே செய்ய வேண்டும். உலோகப் பாத்திரம் ஆகாது. நெகிழிப் பாத்திரமே ஏற்றது. பயன்படுத்திய கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றுவது பெருந்தவறு. அதில் கரைந்துள்ள செம்பு மீன்களுக்கும் மற்ற நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சாகும். அதனைப் பெயரொட்டிய நெகிழிப் புட்டியில் சேமித்து, வேதிக்கழிவுகளைப் பெறும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். துளையிடும்போது எழும் கண்ணாடியிழைத் தூசும் நுரையீரலுக்குக் கேடு தரும், முகக்கவசம் அவசியம்.

தொழிற்சாலையில் துளைகளின் உட்சுவரிலும் செம்பு பூசுவார்கள். அதனால் இரு பக்கமும் தாமாகவே இணைந்துவிடும். வீட்டில் அந்த வசதி இல்லை. பாதை பக்கம் மாறும் ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பித் துண்டைச் செருகி, இருபுறமும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சில உறுப்புகள் பலகையோடு ஒட்டி அமர்வதால் அவற்றின் அடியில், மேற்பக்கத்தில், சூட்டுக்கோல் நுழையாது. அத்தகைய உறுப்புகளின் கால்களுக்குக் கீழ்ப்பக்கப் பாதைகளை மட்டுமே கொடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். இதைப் படம் வரையும்போதே எண்ணியிருக்க வேண்டும்.

கம்பிகளைப் பற்றவைத்ததும் வேறு உறுப்புகளைப் பொருத்த அவசரப்படக்கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை மேற்பக்கத்திலும் மற்றொன்றைக் கீழ்ப்பக்கத்திலும் வைத்து ஒவ்வொரு துளையாகச் சோதிக்க வேண்டும். இணைப்பு சரியாக இருந்தால் கருவி ஒலிக்கும். ஒலிக்காத துளைக்கு மீண்டும் சூட்டுக்கோலை எடுக்க வேண்டியதுதான்.