மாணவரின் லேப்டாப்பில் கல்லூரியின் உரிமம்

கேள்வி: நான் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி மையப் பொறுப்பாளர். மேட்லாப், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், ஆன்சிஸ் மூன்றுக்கும் கல்லூரி ஆண்டுதோறும் பணம் கட்டுகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் சொந்த லேப்டாப்பிலும் இவை வேண்டும் என்கிறார்கள். இதற்கிடையில் எங்கள் விண்டோஸ், ஆபீஸ் கீ வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவிட்டது. படித்து முடித்துப் போனவர்களில் எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்றும் தெரியவில்லை. எல்லா லேப்டாப்பிலும் கண்காணிப்பு மென்பொருள் போட்டால்தான் உரிமம் தருவது என்று நிர்வாகம் முடிவெடுக்கப் பார்க்கிறது. இது சரியா? வேறு வழி இருக்கிறதா?

வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சரியில்லை. நிர்வாகத்திடம் இதை அழுத்தமாகவே சொல்லுங்கள். கல்லூரி பணம் கட்டியிருப்பது மென்பொருளுக்கு. மாணவரின் லேப்டாப்புக்கு அல்ல. பல வீடுகளில் அந்த ஒரு லேப்டாப்தான் குடும்பத்துக்கே கணினி. அப்பாவின் வங்கிக் கணக்கும் தங்கையின் புகைப்படங்களும் அதில்தான் இருக்கும். முழு இயந்திரத்தையும் நிர்வகிக்கும் மென்பொருளைப் போட்டால், அதில் என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது முதல் வட்டு முழுவதையும் அழிப்பது வரை பல அதிகாரங்கள் உங்கள் மையத்துக்கு வந்துவிடும். இறுதியாண்டு மாணவர் ஒருவரின் புராஜெக்ட் அழிந்தாலோ, ஒரு மாணவியின் படம் வெளியே போனாலோ முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். அந்தப் பொறுப்பை ஏன் சுமக்க வேண்டும்?

அது தேவையும் இல்லை. உரிமத்தை இயந்திரத்தோடு கட்டாமல் ஆளின் கணக்கோடு கட்டினால், நீங்கள் கவலைப்படும் பாதி விஷயங்கள் தாமாகத் தீர்ந்துவிடும்.

ஆபீஸை எடுத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் 365 கல்வித் திட்டங்களில் ஏ1 என்பது பிரவுசரில் மட்டும் இயங்குவது. கணினியில் நிறுவும் ஆபீஸ் வேண்டுமானால் ஏ3 அல்லது அதற்கு மேல் வேண்டும். அதில் ஒருவர் தன் கல்லூரிக் கணக்கில் நுழைந்து 5 கணினிகள் வரை நிறுவிக்கொள்ளலாம். கீ எதுவும் தேவையில்லை. 30 நாளுக்கு ஒருமுறையாவது அது இணையத்தில் கணக்கைச் சரிபார்க்கும். கணக்கிலிருந்து உரிமத்தை நீங்கள் எடுத்துவிட்டால், கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், அச்செடுக்கலாம், திருத்த முடியாது. அவருடைய லேப்டாப்பை நீங்கள் தொடவே வேண்டியதில்லை.

இங்கே பல கல்லூரிகள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பழைய மாணவர்களுக்கு மின்னஞ்சலைத் தொடர விடுவார்கள். அதோடு உரிமமும் தொடர்ந்துகொண்டிருக்கும். தனித்தனி ஆளுக்கு உரிமம் கொடுக்காமல் 'மாணவர்', 'ஆசிரியர்' என்று குழுவுக்குக் கொடுங்கள். படிப்பு முடிந்ததும் பெயரைப் பழைய மாணவர் குழுவுக்கு மாற்றினால் உரிமம் தானே விலகிவிடும். நோ டியூஸ் படிவத்திலும் ஒரு வரி சேருங்கள்: எந்தத் தேதியில் உரிமம் முடியும், அதற்குள் ஒன்டிரைவில் உள்ள கோப்புகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று. முன்கூட்டியே சொல்லாமல் கணக்கை மூடுவது பெரிய அநியாயம்.

மேட்லாபுக்கு உங்களிடம் இருப்பது வளாகம் முழுவதற்குமான உரிமமா, லேப்புக்கு மட்டுமானதா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். வளாக உரிமம் என்றால், கல்லூரி மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிச் சொந்த லேப்டாப்பிலேயே நிறுவிக்கொள்ள மாணவருக்கு உரிமை உண்டு. அது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கும் வாரத்தில் உங்கள் மையத்துக்குத் தொலைபேசி ஓயாது. இரண்டு வாரம் முன்பே அறிவிப்புப் போட்டுவிடுங்கள். லேப்டாப் மிகப் பழையது, வட்டில் இடமில்லை என்று வருபவர்களுக்கு பிரவுசரில் இயங்கும் மேட்லாப் ஆன்லைனைக் காட்டுங்கள்.

ஆன்சிஸ் போன்றவை பெரும்பாலும், ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று, சர்வரிலிருந்து இருக்கை இருக்கையாகப் பகிரப்படுபவை. வீட்டிலிருந்து பயன்படுத்த ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அனுமதி இருந்தால் விபிஎன் வழியாகக் கொடுக்கலாம். பலர் சிக்கிக்கொள்வது போர்ட்டில்தான். உரிம சர்வர் குறைந்தது இரண்டு போர்ட்டுகளில் பேசும். ஒன்று உரிமக் கோப்பிலேயே தெரியும். இரண்டாவது, நீங்கள் எண்ணைக் குறிப்பிடாவிட்டால் சர்வர் மறுபடி தொடங்கும்போது மாறக்கூடும். இரண்டையும் நிலையாக வைத்து ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். யாரோ இரவு முழுக்கத் திறந்தே வைத்துவிட்டுப் போகும் இருக்கைகளைத் திரும்பப் பெற, உரிம சர்வரின் ஆப்ஷன்ஸ் கோப்பில் டைம்அவுட் வரி இருக்கிறது. அந்த மென்பொருள் அதை ஏற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். சின்னப் பயிற்சிக் கணக்குகளுக்கு ஆன்சிஸின் இலவச மாணவர் பதிப்பே போதும். கணக்கின் அளவுக்கு அதில் வரம்பு உண்டு. ஆட்டோகேட் கேட்பவர்களிடம், ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு நேரடியாகவே ஓராண்டுக் கல்வி உரிமம் இலவசமாகத் தருகிறது என்று சொல்லிவிடுங்கள்.

பரவிவிட்ட கீக்கு வருகிறேன். மொத்த உரிமத்தின் கீ சொந்த லேப்டாப்புக்கு உரியதே அல்ல. அது பல இயந்திரங்களில் போடும் எம்ஏகே வகை என்றால், எண்ணிக்கை தீர்ந்து உங்கள் லேப் கணினிகளே ஆக்டிவேட் ஆகாமல் நிற்கும். மைக்ரோசாஃப்ட்டுக்குத் தெரிவித்து அதை முடக்கச் சொல்லி, புது கீ வாங்குங்கள். கணினிகளை வளாகத்துக்குள்ளேயே ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் சர்வரை லேபில் வைத்துவிட்டால் கீயை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. 180 நாள் அந்தச் சர்வரைப் பார்க்காத கணினியில் உரிமம் காலாவதியாகும். ஆனால் அந்தச் சர்வரை வளாகத்துக்கு வெளியே தெரியும்படி திறந்துவைக்காதீர்கள். விண்டோஸுக்கு அது வேலை செய்ய 25 கணினிகளாவது அதைத் தொடர்புகொண்டிருக்க வேண்டும்.

மாணவர்களிடம் சட்டத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக நோக்கம் இல்லாதபோது நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். அதைவிட உடனடி ஆபத்து, கிராக் கோப்போடு சேர்ந்து வரும் வைரஸ். பாஸ்வேர்டு திருடும் நிரல்கள் பல அப்படித்தான் நுழைகின்றன.

பேராசிரியர்களிடம் பேசுவது கொஞ்சம் கடினம், ஆனாலும் பேசியாக வேண்டும். கல்வி உரிமத்தை வெளி நிறுவனங்களுக்குச் செய்யும் கன்சல்டன்சி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. சொந்த லேப்டாப்பில் செய்தாலும் அது மீறல்தான். தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியது பேராசிரியரல்ல, கல்லூரி.

வெளியேறும் மாணவர்களைக் கைவிட்டுவிடாதீர்கள். மேட்லாபில் எழுதிய நிரல்களில் பல இலவசமான ஆக்டேவில் ஓடும். மேட்லாபோடு சேர்ந்த சிமுலிங்க்கில் செய்த மாதிரிகள் ஓடாது. மேட்லாப் போன்ற இன்னொரு இலவச மென்பொருளான சைலேபைக் கற்க ஐஐடி மும்பையின் ஃபாசி திட்டமும் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களும் இருக்கின்றன. அந்தப் பாடங்களில் பல தமிழிலும் கிடைக்கின்றன. கண்காணிப்பு மென்பொருளுக்கு ஒதுக்கும் பணத்தை, இன்னும் சில இருக்கைகள் வாங்கவும் லேபை இரவு 9 மணி வரை திறந்துவைக்கவும் கேளுங்கள். லேப்டாப்பே இல்லாத மாணவர்களும் உங்கள் கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த மென்பொருள்கள் சேர வேண்டும்.