மலைக்குப் போனா திணறும் செயின் சா: தானே டியூன் ஆகும் மெஷினைப் பழக்குவது எப்படி?

குளத்தூர், கீரனூர்ப் பக்கம் மரம் அறுக்கிற மெஷின் இல்லாத ஊரே இப்போ இல்லைன்னு சொல்லலாம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா அடிச்சுப் போனதுக்கப்புறம், விழுந்த தென்னையையும் பலாவையும் அகற்ற ஆள் தேடி அலைஞ்ச அனுபவம் மாவட்டம் முழுக்க உண்டு. சீமைக்கருவேலத்தை வெட்ட, வேலியில் கிளுவை, கிளைரிசிடியா கவாத்து பண்ண, மூடாக்குக்குக் கழி சேர்க்கன்னு இயற்கை விவசாயிக்கும் இந்த மெஷின் தேவைப்படுது. கூட்டாகப் பணம் போட்டு வாங்குகிற குழுக்களும் இருக்கு.

சமீபமா வர்ற விலை கூடின மெஷின்களில் கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்கிற வேலை இல்லை. ஸ்டில் கம்பெனிக்காரங்க 'எம்-ட்ரானிக்'னும், ஹஸ்க்வர்னாக்காரங்க 'ஆட்டோ டியூன்'னும் பேர் வெச்சிருக்காங்க. "அதுவே பாத்துக்கும்"னு கடைக்காரர் சொல்லுவார். அது பாதி உண்மை. அதே மெஷினை இங்கேயிருந்து கொடைக்கானலுக்கோ கொல்லிமலைக்கோ வேலைக்கு எடுத்துப் போனால் முதல் ஒரு மணி நேரம் இருமும், புகை கக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் நின்னு போகும். புது மெஷின் கோளாறுன்னு முடிவு கட்டி, கையில் கிடைச்ச ஆளிடம் பிரிக்கக் கொடுத்துடறாங்க. அங்கேதான் நஷ்டம் ஆரம்பிக்குது.

காரணம் காத்துதான். குளத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குள் போகிற காத்து இங்கே போவதில் ஐந்தில் நாலு பங்குதான். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே போனால் கலவை கனத்துடும். பிளக் கருத்து நனையும், சத்தம் 'பட பட'ன்னு உடையும்.

சாதாரண கார்புரேட்டரில் ஹெச், எல் என்று இரண்டு திருகு இருக்கும். மலையில் அதைக் கொஞ்சம் வலப்பக்கம் திருகி பெட்ரோலைக் குறைப்பார்கள். தானியங்கி மெஷினில் அந்த வேலையை ஒரு சின்ன மின் வால்வு செய்யுது. எஞ்சின் ஓடும்போது கலவையை ஒரு கணம் கூட்டிக் குறைச்சு, சுற்று வேகம் எப்படி மாறுதுன்னு பார்த்து, சரியான இடத்தைப் பிடிச்சு நினைவில் வெச்சுக்கும். நினைவில் வெச்சுக்கறதுதான் சிக்கல். நேற்று குளத்தூர் வெயிலில் பிடிச்ச அளவை வெச்சுக்கிட்டுத்தான் இன்னைக்கு மலையில் அது எழுந்திருக்கும்.

ஆகவே பழக்கணும். சும்மா நிறுத்தி வெச்சு 'விர் விர்'னு முறுக்கினா அது எதையும் கத்துக்காது. சுமை வேணும். மெஷின் சூடேறினதும் நல்ல தடியான ஒரு கட்டையில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து, விடாமல் அறுக்கணும். அப்படிச் சில அறுப்பு போட்டாலே பெரும்பாலும் குரல் தெளிஞ்சுடும். சுள்ளி வெட்டி இதைச் செய்ய முடியாது. அறுத்து முடிக்கிறதுக்குள்ள வெட்டு தீர்ந்துடும்.

எம்-ட்ரானிக் மெஷின்களுக்குத் தனியா ஒரு அளவீட்டு முறையும் உண்டு. சோக் நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பிடிச்சுக்கணும். சுற்று ஏறி இறங்கும், பயந்து கையை விட்டுடாதீங்க. வேகம் காதுக்குத் தெரியும்படி சட்டுனு தணியும்போது அளவீடு முடிஞ்சதுன்னு அர்த்தம். எத்தனை விநாடி, செயின் பிரேக்கை எப்போ எடுக்கணும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டைத் தூக்கி எறியாம வெச்சிருக்கச் சொல்றது இதுக்குத்தான். பாரும் சங்கிலியும் மாட்டாமல் இதைச் செய்யவே கூடாது. சங்கிலி முழு வேகத்தில் சுத்தும், காலடியில் குழந்தையோ கோழியோ இருக்கக் கூடாது.

அளவீடு பண்ணியும் சரியாகலைன்னா மெஷின்மேல் பழி போடுறதுக்கு முன்னால ஏர் ஃபில்டரைப் பாருங்க. நம்ம பக்கத்துச் செம்மண் தூசியும் கருவேலத் தூளும் அடைச்ச ஃபில்டரோடு மலையேறினா, ஏற்கெனவே கம்மியான காத்து இன்னும் கம்மியாகும். வால்வு சரிசெய்கிற எல்லைக்கும் ஒரு அளவு இருக்கு. அடுத்தது சங்கிலி. அறுக்கும்போது சீவல் சீவலா விழணும். மாவா கொட்டினா கூர் போச்சுன்னு அர்த்தம். கருவேலத்தைத் தரையோடு தரையா அறுக்கிறப்போ ஒரு தடவை மண்ணைத் தொட்டாலே போதும், அந்தச் சங்கிலி மலையில் சில்வர் ஓக்கைக்கூட அறுக்காது.

இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். தானியங்கி டியூன் கலவையைத்தான் சரிசெய்யும், போன பலத்தைத் திருப்பித் தராது. 300 மீட்டர் ஏறினா சுமார் 3 சதவீத பலம் குறையும். கொடைக்கானலில் ஐந்தில் ஒரு பங்கு போயிடும். 18 அங்குல பார் போட்டிருந்தா அங்கே 16 போடுங்க. அமுக்கி அறுக்காதீங்க.

பெட்ரோல் விஷயத்தில் கவனம். பங்கில் இப்போ கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காத்திலிருக்கிற ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாய்களையும் பதம் பார்க்கும். கலந்து வெச்ச பெட்ரோலை மாசக்கணக்கில் டேங்கில் விடாதீங்க. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். கண் மதிப்பு வேண்டாம். கீழே நிரப்பின கேன் மலையில் உப்பியிருக்கும். மூடியை மெதுவா, முகத்தைத் தள்ளி வெச்சு, சூடான எஞ்சினுக்குத் தூரமாத் திறக்கணும்.

இப்போ நம்ம ஊருக்கு முக்கியமான சேதி. மலையில் திணறுகிற மெஷின் தொந்தரவுதான், ஆனா சாகாது. கீழே இறங்குகிற மெஷின்தான் சாகும். எஸ்டேட்டில் ஓடின பழைய திருகு கார்புரேட்டர் மெஷினை மலிவா வாங்கிட்டு வந்து சித்திரை வெயிலில் கருவேலம் அறுக்க விடுறாங்க. மலைக்காகக் குறைச்ச பெட்ரோல், இங்கே அடர்த்தியான காத்து. ஆரம்பத்தில் ரொம்ப நல்லா ஓடுற மாதிரி கீச்சுக் குரலில் பறக்கும். அப்புறம் பிஸ்டன் பிடிச்சுக்கும். பெட்ரோலோடுதான் ஆயிலும் போகுது; பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறைஞ்சிடும். பழைய மெஷின் வாங்கினா முதலில் ஹெச் திருகை இடப்பக்கம் கொஞ்சம் திறந்து, சுமை இல்லாதப்போ சத்தம் லேசா உடையுற அளவுக்குக் கொண்டு வந்துட்டு வேலைக்கு எடுங்க. தானியங்கி மெஷினும் இறங்கினதும் முதல் சில அறுப்புகளில்தான் புது அளவைப் பிடிக்கும். சில மாடல்களில் குளிருக்காக வைக்கிற மூடியைக் கோடை நிலைக்கு மாத்த மறக்கக் கூடாது; மறந்தா சூடான காத்தையே உறிஞ்சும்.

சங்கிலிக்குக் கழிவு ஆயில் ஊத்துற பழக்கம் பரவலா இருக்கு. அது முழுக்க நம்ம மண்ணிலதான் தெறிக்குது. ரசாயன உரத்தை நிறுத்திட்டு இதை ஊத்துறதில் நியாயம் இல்லை. தாவர எண்ணெயில் ஓட்டலாம். ஆனா பல வாரம் சும்மா கிடந்தா பிசின் மாதிரி இறுகிடும். எடுத்து வைக்கும்போது எண்ணெய்த் தொட்டியைக் காலி பண்ணி, பாரின் காடியைத் துடைச்சு வெச்சா போதும்.

மலைக்கு மெஷின் எடுத்துப் போகிறவர்கள் கேட்டுக்க வேண்டிய ஒரு கேள்வி மீதியிருக்கு. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேணும். தோட்டக்காரர் "பாத்துக்கலாம்"னு சொன்னா, அந்தக் காகிதத்தைக் கண்ணால பார்த்துட்டு அப்புறம் கயிறை இழுங்க.