பருத்தி சுத்தி செய்யும் யந்திரமும் அங்கத்தினர் கடமையும்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல், நிலக்கடலை, கரும்பு ஆகியவையே பிரதானப் பயிர்கள். பருத்தி பயிரிடுவோர் சிலரே. ஒவ்வொருவரிடமும் சேரும் சரக்கும் சொற்பமே. பல குடியானவர்களின் பருத்தி ஒரே அம்பாரத்தில் கலந்து யந்திரத்துக்குப் போகும்போது, ஒருவர் சரக்கிலுள்ள சருகும் தூசும் எல்லோருடைய விலையையும் குறைத்துவிடும். ஆதலின் யந்திரத்தின் தன்மையைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

முதலில், முள் பொருத்திய உருளைகள் பருத்தியைப் பிரித்து உதறிக் கம்பிச் சட்டத்தின்மேல் இழுத்துச் செல்லும். மண்ணும் இலைத்தூளும் காயோட்டுத் துணுக்குகளும் கம்பிகளின் இடையே கீழே விழும். பின்னர்ப் பருத்தி, கொட்டை பிரிக்கும் யந்திரத்தை அடையும். இந்தியாவில் பெரும்பாலும் வழங்கும் இரட்டை உருளை யந்திரத்தில், சொரசொரப்பான உருளை பஞ்சைப் பற்றி, அசையாத கத்தியின் விளிம்புக்கும் தனக்கும் இடையே இழுக்கும். அசையும் கத்தி கொட்டையைத் தட்டித் தள்ளும். அமெரிக்காவில் மக்கார்த்தி என்பவர் 1840-ல் உரிமை பெற்ற யந்திரமே இதற்கு மூலமாகும்.

கவனிக்க வேண்டுவன

1. ஈரம்: ஈரப் பருத்தியில் சருகு ஒட்டிக்கொள்ளும், பஞ்சு திரளாகி யந்திரத்தை அடைக்கும். மிகவும் காய்ந்தாலோ இழை அறும். பஞ்சின் ஈரம் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு இருத்தல் நலம்.

2. இடும் அளவு: பருத்தியை மெல்லிய படலமாக ஒரே சீராக இடவேண்டும். குவித்துக் கொட்டினால் உட்புறத்து அழுக்கு வெளிப்படாது.

3. உருளை: தேய்ந்து வழவழப்பான உருளை பஞ்சைப் பற்றாது. உரிய காலத்தில் அதன் பள்ளங்களைப் புதுப்பித்து, கத்தியின் இடைவெளியையும் சரிசெய்தல் வேண்டும்.

யந்திரத்தால் ஆகாதவை

சுத்தி செய்யுந்தோறும் அழுக்கு குறையும். ஆயினும் இரண்டாம் முறை நீங்குவது முதன்முறையிலும் குறைவே. இழையோ ஒவ்வொரு முறையும் சிறிது சேதமுறும். சணல் சாக்கின் நாரும் பிளாஸ்டிக் சாக்கின் இழையும் பஞ்சோடு கலந்துவிட்டால் எந்த யந்திரமும் அவற்றை முற்றிலும் நீக்காது. அவை நூலிலும் துணியிலும் சென்று, சாயமேற்றும்போது வெளிப்படும்.

இந்தியப் பருத்திக் கமிட்டி 1924-ல் பம்பாயில் பஞ்சு ஆராய்ச்சிச் சாலையை நிறுவியது. பருத்தித் தொழில்நுட்ப இயக்கத்தை மத்திய அரசாங்கம் 2000-ல் தொடங்கி, கொட்டை பிரிக்கும் ஆலைகளைப் புதுப்பிக்க உதவியது. ஆலைகள் சீர்ப்பட்டாலும், சுத்தமான பருத்தி வயலிலேதான் தொடங்கவேண்டும்.

ஆகவே மார்கழி, தை மாதங்களில் பனி உலர்ந்த பின்னரே பறித்தல் வேண்டும். பறித்ததைப் பருத்தித் துணிப் பைகளிலேயே சேர்த்தல் வேண்டும். கறைபட்டதையும் கடைசிப் பறிப்பையும் நல்ல பருத்தியோடு கலவாது தனியே வைத்தல் வேண்டும். சங்கமும் சரக்கை ஏற்கும்போதே தரம் பிரித்து எடை போட்டு, தரத்துக்குத் தக்க விலையை அவரவர் கணக்கில் வரவு வைக்குமாயின், சுத்தமாகப் பறித்தவருடைய உழைப்பு வீண்போகாது.