விரதமா, பட்டினியா?



வெள்ளிக்கிழமை விரதம் என்கிறாள் மகள். சனிக்கிழமையும் பசியில்லை என்கிறாள். பக்தி கூடிவிட்டதென்று மகிழுமுன் சற்றுக் கவனியுங்கள்.

பதின்ம வயதில் கோபமும் வெட்கமும் பரீட்சைப் பயமும் ஒன்றாக வந்து மோதும். அதைச் சொல்லத் தெரியாத பிள்ளை சிலவேளை உணவைக் குறைத்து மனதை அடக்கப் பார்க்கிறது. வேறொரு பிள்ளை இரவில் ஒளித்து அளவுமீறிச் சாப்பிடுகிறது. சற்று ஆறுதல், பின் குற்றவுணர்வு, மீண்டும் பட்டினி. ஆண்பிள்ளைகளுக்கும் இது வரும்.

பட்டினியே மனதைக் குழப்பும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் ஆய்வாளர், திடமான 36 இளைஞர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பாதியளவு உணவே கொடுத்தார். எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகம் சேர்த்தவர்கள்கூட இருந்தார்கள்! ஆகவே வாடிய பிள்ளையிடம் "உனக்கென்ன குறை?" என்று வாதாடிப் பயனில்லை. முதலில் சாப்பாடு.

1980களில் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் வளர்ந்த சிகிச்சை முறையும் இப்படித்தான். வைத்தியக் குழுவின் வழிகாட்டலில் பெற்றோரே பக்கத்திலிருந்து ஒவ்வொரு வேளையும் சாப்பிட வைப்பார்கள். தேறியபின் பொறுப்பு மெல்லப் பிள்ளையிடம் திரும்பும்.

கோயிலில் கண்டதும் "குண்டாகிவிட்டாயே" என்பதை நாமும் நிறுத்தலாம்.

மயக்கம் வந்தாலோ, மாதவிலக்கு நின்றாலோ, சாப்பிட்டவுடன் குளியலறைக்கு ஓடினாலோ, எடை சரியாகத் தோன்றினாலும் உடனே குடும்ப வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.